அத்தியாயம் 7: வேகத்திலும் நிலைகுலையாத வண்டி

100 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் வண்டி ஆடுகிறது என்பவரிடம், எங்கே ஆடுகிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஹேண்டிலைக் காட்டுவார். கை உணர்வது அங்கேதான். ஆனால் ஆட்டத்தின் காரணம் பல நேரங்களில் இருக்கைக்குப் பின்னால் இருக்கும்: காற்று குறைந்த பின் டயர், ஆயில் கசிந்து வலுவிழந்த ஷாக் அப்சார்பர், தேய்ந்துபோன ஸ்விங் ஆர்ம் புஷ், பின் அச்சுக்கும் பின்னால் கட்டிய கனமான பெட்டி. முன்பக்கத்தையே திரும்பத் திரும்பப் பிரித்துப் பூட்டினால் செலவுதான் ஏறும்; ஆட்டம் போகாது.

விவரப் பட்டியலில் அச்சாகியிருக்கும் ஸ்டீயரிங் கோணம் நிற்கும் வண்டிக்கு உரியது. ஓடும் வண்டியின் கோணத்தை நொடிக்கு நொடி சஸ்பென்ஷன்தான் முடிவு செய்கிறது. ஆகவே கோணத்தையும் சஸ்பென்ஷனையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டு, உங்கள் வண்டியை நீங்களே அளந்து சரிசெய்ய இந்த அத்தியாயம் வழி சொல்கிறது.

மூன்று அளவுகள்

ஹேண்டில் திரும்பும் அச்சு, செங்குத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதோ அதுவே ரேக். ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் இது பெரும்பாலும் 23 முதல் 25 டிகிரி வரை இருக்கும். க்ரூஸர்களில் 30 டிகிரியைத் தொடுவதும் தாண்டுவதும் உண்டு.

அந்த அச்சைக் கீழ்நோக்கி நீட்டினால் தரையில் ஓரிடத்தைத் தொடும். முன் டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் அமையும். இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலுள்ள தூரம் டிரெய்ல். மருத்துவமனை ஸ்ட்ரெச்சரின் சின்னச் சக்கரம், தள்ளும் திசைக்குத் தானாகத் திரும்பிப் பின்தொடர்வது இதனால்தான். வேகமாகத் தள்ளினால் அதே சக்கரம் படபடவென்று உதறுவதையும் பார்த்திருப்பீர்கள். சக்கரத்தை நேராக்கும் விசைதான், அடக்க ஏதும் இல்லாதபோது உதறலாகவும் மாறுகிறது. மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்துக்கும் இந்த இரண்டு குணங்களும் உண்டு.

மூன்றாவது அளவு வீல்பேஸ், அதாவது இரு சக்கர அச்சுகளுக்கும் இடையிலான நீளம். அது கூடினால் வண்டி நிதானமாகத் திரும்பும். நேர்ப்பாதையில் அமைதியாக ஓடும்.

டிரெய்லைக் கணக்கிட ஒரு வாய்பாடு போதும். முன் சக்கர ஆரத்தை ரேக் கோணத்தின் சைனால் பெருக்குங்கள். அதிலிருந்து ஆஃப்செட்டைக் கழியுங்கள். வருவதை ரேக் கோணத்தின் கொசைனால் வகுங்கள். ஆஃப்செட் என்பது ஸ்டீயரிங் அச்சுக்கு எவ்வளவு முன்னால் முன் சக்கர அச்சு தள்ளி அமைந்திருக்கிறது என்ற அளவு. ஆஃப்செட் கூடினால் டிரெய்ல் குறையும்.

சென்னைக்கு அருகே தயாராகும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ஐ எடுத்துக்கொள்வோம். பட்டியலில் ரேக் 24 டிகிரி, டிரெய்ல் 106 மி.மீ., வீல்பேஸ் சுமார் 1400 மி.மீ. முன் டயர் 100/90-18. அதன் ஆரம் ஏறக்குறைய 318 மி.மீ. வாய்பாட்டைத் திருப்பிப் போட்டால் ஆஃப்செட் சுமார் 33 மி.மீ. என்று வரும். இப்போது ரேக்கை 23 டிகிரியாகக் குறைத்துக் கணக்கிட்டால் டிரெய்ல் 100 மி.மீ.-க்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். ஒரு டிகிரிக்கு 6 மி.மீ.-க்குச் சற்று மேல். இந்த வீல்பேஸ் உள்ள வண்டியை ஒரு டிகிரி சாய்க்க, ஒரு முனையை 24 மி.மீ. ஏற்றவோ இறக்கவோ வேண்டும். ஆக, ஒரு முனையின் உயரத்தில் 4 மி.மீ. மாறினால் டிரெய்லில் ஏறக்குறைய 1 மி.மீ. மாறும். இந்தக் கணக்கை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

நிலைத்தன்மைக்கு ரேக்கைவிட டிரெய்லே முக்கியம். பிரிட்டிஷ் பொறியாளர் டோனி ஃபோல், பி.எம்.டபிள்யூ. வண்டி ஒன்றின் ரேக்கை 0 டிகிரி வரை குறைத்து, டிரெய்லை மட்டும் தக்கவைத்து ஓட்டிக் காட்டியிருக்கிறார். அதற்காக டிரெய்லைக் கூட்டிக்கொண்டே போவதும் தவறு. டிரெய்ல் கூடினால் மேடுபள்ளமும் பக்கக் காற்றும் முன் டயரைத் தள்ளும் விசைக்கு நெம்புகோல் நீளம் கூடிவிடும். ஸ்டீயரிங் கனக்கும், ஹேண்டில் அதிகமாக உதைக்கும்.

ஓடும்போது மாறும் கணக்கு

வேகத்தில் முன் பிரேக்கை அழுத்துகிறீர்கள். ஃபோர்க் 60 மி.மீ. உள்ளே போகிறது, பின்பக்கம் 20 மி.மீ. எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஏறக்குறைய 3 டிகிரி முன்னோக்கிச் சாய்ந்துவிடும். இன்டர்செப்டரின் கணக்குப்படி 106 மி.மீ. டிரெய்ல் 87 மி.மீ. ஆகிவிடும். நெடுஞ்சாலைக்கு ஏற்ற நிதானமான வண்டி, அந்த நேரத்துக்கு மட்டும் துடிப்பான பந்தய வண்டியின் கோணத்தில் ஓடுகிறது. ஃபோர்க் ஸ்பிரிங் தளர்ந்து, பிரேக் போட்டதும் முழுவதுமாக அமுங்கும் வண்டி ஏன் வெடவெடக்கிறது என்பதற்கு இதுவே விளக்கம்.

வேகம் கூடும்போது நடப்பது இதற்கு நேர் எதிரானது. எதிர்க்காற்று ஓட்டுபவரின் மார்பைத் தள்ளுகிறது. அந்த விசை தரையிலிருந்து உயரத்தில் செயல்படுவதால் எடை பின் சக்கரத்துக்கு மாறுகிறது. முன்பக்கம் எழுந்து பின்பக்கம் அமர்கிறது. ரேக்கும் டிரெய்லும் காகிதத்தில் கூடுகின்றன. ஆனால் முன் டயரை அழுத்தும் எடை குறைந்துவிடுவதால், அந்த டிரெய்ல் பயன்படுவதற்கான பிடிமானமும் குறைகிறது. பின் ஸ்பிரிங் தளர்ந்திருந்து, பின்னால் ஒருவரும் அமர்ந்து, அவருக்குப் பின்னால் ஒரு பெட்டியும் இருந்தால் முன் சக்கரம் தரையை லேசாகத் தடவிக்கொண்டுதான் ஓடும்.

இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையே வண்டியின் சாய்வை ஒரு குறுகிய வரம்புக்குள் நிறுத்துவதே நல்ல சஸ்பென்ஷனின் வேலை. இருக்கை மெத்தென்று இருப்பது அதற்கு அடுத்தபடியானது.

இரண்டு வகை ஆட்டம்

பிரிட்டிஷ் ஆய்வாளர் ராபின் ஷார்ப் 1971-இல் வெளியிட்ட கட்டுரை, மோட்டார் சைக்கிளின் அசைவுகளைக் கணித முறையில் பிரித்துக் காட்டியது. அவற்றில் இரண்டை ஒவ்வோர் ஓட்டுநரும் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும்.

*உதறல்.* ஆங்கிலத்தில் வாபிள் என்பார்கள். முன் சக்கரமும் ஃபோர்க்கும் ஹேண்டிலும் மட்டும் ஸ்டீயரிங் அச்சைச் சுற்றி வேகமாக நடுங்கும். நொடிக்கு 6 முதல் 10 முறை வரை என்பதால் எண்ண முடியாது; கையில் அதிர்வாகவே உணர்வீர்கள். மிதமான வேகத்தில், குறிப்பாக ஆக்ஸிலரேட்டரை விட்டு வேகம் குறையும்போது 60 - 80 கி.மீ. அளவில் தலைகாட்டும். அதிவேகத்தில் மேடு ஒன்றைத் தாண்டி முன் சக்கரம் இலேசாக எழுந்து, கோணலாகத் தரையிறங்கும்போதும் வெடிக்கும். ஹேண்டில் இருபுறமும் முட்டி மோதும் அளவுக்கு முற்றினால் அதுவே டேங்க் ஸ்லாப்பர்.

*நெளிவு.* ஆங்கிலத்தில் வீவ். வண்டி முழுவதும் பாம்புபோல் நெளியும். பின்பக்கம் இடமும் வலமுமாக வீச, வண்டி சாய்ந்து சாய்ந்து நிமிரும். நொடிக்கு 2 முதல் 4 முறை என்பதால் உடலால் எண்ண முடியும். வேகம் கூடக்கூட இது அடங்கும் தன்மையை இழந்துகொண்டே போகும். நீண்ட வளைவிலும், பாலத்தின் இணைப்புகளைத் தாண்டும்போதும், பக்கக் காற்று அடிக்கும்போதும் தொடங்கும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் கணவாய்க் காற்றில் பெட்டி கட்டிய வண்டியில் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

உதறல் என்றால் முன்பக்கத்தையும், நெளிவு என்றால் பின்பக்கத்தையும் முதலில் சோதியுங்கள். இது முழு விதி அல்ல. ஆனால் தேடலைத் தொடங்க நல்ல இடம்.

நெளிவுக்கும் சட்டகத்தின் உறுதிக்கும் உள்ள தொடர்பை வரலாறே காட்டியிருக்கிறது. பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்காண்ட்லெஸ் வடிவமைத்த ஃபெதர்பெட் சட்டகத்தை நார்ட்டன் நிறுவனம் 1950-இல் தன் பந்தய வண்டிகளில் பொருத்தியது. முறுக்கத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்ச் சட்டகம், அதனுடன் ஸ்விங் ஆர்ம், டேம்பிங் உள்ள இரட்டை ஷாக். அந்த ஆண்டு ஐல் ஆஃப் மேன் சீனியர் டி.டி. பந்தயத்தில் ஜெஃப் டியூக் நார்ட்டனில் வென்றார். கரடுமுரடான சாலையில் நிலையாக ஓடும் வண்டியில்தான் ஆக்ஸிலரேட்டரைத் துணிந்து திறக்க முடியும்.

கருவி எடுக்கும் முன் சோதிக்க வேண்டியவை

சஸ்பென்ஷனைத் திருகும் முன் கீழே உள்ளவற்றை இதே வரிசையில் முடித்துவிடுங்கள். பல வண்டிகளின் ஆட்டம் இங்கேயே தீர்ந்துவிடும்.

1. டயர் காற்று. வண்டி ஓடிச் சூடாகும் முன், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு நிரப்புங்கள். ஆள் ஏற்றும்போது பின் டயருக்கு வேறு அளவு இருக்கும், அதையும் பாருங்கள். பின் டயரில் காற்று குறைந்தால் நெளிவு கூடும்.

2. டயர் தேய்மானம். நெடுஞ்சாலையிலேயே ஓடிய பின் டயர் நடுவில் தட்டையாகிவிடும். அந்தத் தட்டையின் விளிம்பில் ஏறி இறங்கும்போது வண்டி தத்தளிக்கும். ரிம்முக்குப் பொருந்தாத அகல டயரும் இதே தொல்லையைத் தரும்.

3. கோன் செட் (ஸ்டீயரிங் பேரிங்). முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் கீழ்முனையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டக் டக் என்று தட்டினால் தளர்ந்திருக்கிறது. பிறகு ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு குழியில் விழுந்து நிற்பதுபோல் இருந்தால் ரேஸ் தேய்ந்துவிட்டது. மாற்றியே ஆக வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கியதும் கெடுதல்தான். ஹேண்டில் தானாக நேராக முடியாமல் வண்டி அலையும்.

4. ஸ்விங் ஆர்ம், சக்கர பேரிங். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். சிறு ஆட்டம்கூட இருக்கக் கூடாது.

5. ரிம் கோட்டம். சக்கரத்தைச் சுழற்றி, ஃபோர்க்கில் கட்டிய ஒரு கம்பி முனைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். பல கையேடுகள் 2 மி.மீ. கோட்டத்தை எல்லையாக வைக்கின்றன. ஸ்போக் வண்டியில் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டுங்கள்; மந்தமான ஓசை தருவது தளர்ந்த கம்பி.

6. நேர்கோடு. செயின் அட்ஜஸ்டர் குறிகளை மட்டும் நம்ப வேண்டாம். பின் டயரின் இருபுறமும் நூல் பிடித்து, முன் டயர் சரியாக நடுவில் வருகிறதா என்று பாருங்கள்.

7. சுமை. கனமான பொருள் பெட்ரோல் டேங்க்குக்கு அருகில், தாழ்வாக இருக்கட்டும். பின் அச்சைத் தாண்டி உயரத்தில் இருக்கும் பெட்டி நெளிவுக்கு நேரடிக் காரணம். பெட்டியில் எழுதியிருக்கும் எடை, வேக வரம்புகளை மீற வேண்டாம்.

அமர்வை அளந்து சரிசெய்தல்

நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்பதை அமர்வு என்போம். பட்டறையில் சேக் என்பார்கள். ஓடும் வண்டியின் கோணம் தொடங்குவது இங்கிருந்துதான். சாலை வண்டிக்கு மொத்தப் பயணத்தில் 30 சதவீத அளவு நல்ல தொடக்கம். இன்டர்செப்டரின் முன் ஃபோர்க் பயணம் 110 மி.மீ., பின் ஷாக்கின் பயணம் 88 மி.மீ. அப்படியானால் முன்னால் 33 மி.மீ., பின்னால் 26 மி.மீ. இலக்கு.

பின்பக்க அமர்வை அளக்க, உங்களைத் தவிர இருவர் வேண்டும்.

1. பின் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்படி நிறுத்தி, அச்சிலிருந்து நேர் மேலே இருக்கைக் கம்பியில் ஒரு புள்ளிவரை அளந்து எழுதுங்கள்.
2. வழக்கமாக அணியும் ஜாக்கெட், ஹெல்மெட்டுடன் ஏறி உட்காருங்கள். ஒருவர் வண்டியைச் சாயாமல் பிடிக்கட்டும்.
3. மற்றவர் பின்பக்கத்தை அழுத்தி மெல்ல விட்டு, அதே தூரத்தை அளக்கட்டும். பிறகு தூக்கி மெல்ல விட்டு மறுபடி அளக்கட்டும். உராய்வினால் இரண்டும் வேறுபடும், சராசரி எடுங்கள்.
4. முதல் அளவிலிருந்து சராசரியைக் கழித்தால் அமர்வு.

முன்பக்கத்துக்கும் இதே முறைதான். ஃபோர்க் குழாயின் வெளியே தெரியும் நீளத்தை அளந்தால் போதும்.

அமர்வு அதிகமானால், ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் ப்ரீலோடைக் கூட்டுங்கள், குறைவானால் தளர்த்துங்கள். ப்ரீலோடு ஸ்பிரிங்கின் வலுவை மாற்றுவதில்லை. வண்டி நிற்கும் உயரத்தைத்தான் மாற்றுகிறது. அமர்வைச் சரியாக்கிய பிறகு ஆள் இல்லாமல் வண்டியை அளந்து பாருங்கள். தன் எடைக்குப் பின்பக்கம் சற்றும் இறங்காமல் நின்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெலிது. அதை ப்ரீலோடால் ஈடுகட்ட முடியாது, ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும். பின்னால் ஆள் ஏறும் பயணத்துக்கு முன் ப்ரீலோடைக் கூட்டுவதைப் பழக்கமாக்குங்கள். சில நிமிட வேலை. முன் சக்கரத்தின் பிடிமானம் அதில் அடங்கியிருக்கிறது.

டேம்பிங்

ஸ்பிரிங் ஆற்றலை வாங்கித் திருப்பித் தரும். டேம்பிங் அந்த ஆற்றலை வெப்பமாக்கி அடக்கும். நெளிவைத் தணிப்பதில் பின் டேம்பிங்குக்குப் பெரும் பங்கு உண்டு.

பின்பக்கத்தை அழுத்தி விடுங்கள். எழுந்து, மறுபடி இறங்கி, ஊஞ்சலாடினால் ரீபவுண்ட் (ஸ்பிரிங் எழும்போது அதை அடக்கும் டேம்பிங்) குறைவு அல்லது ஷாக் கெட்டுவிட்டது. வேகத்தில் ஒரு மேடு ஏறியதும் தொடங்கும் நெளிவு அடங்காமல் நீளும். சோம்பலாக, நீண்ட நேரம் எடுத்து எழுந்தால் ரீபவுண்ட் மிகை. அடுக்கடுக்கான மேடுகளில் ஒன்றிலிருந்து எழுவதற்குள் அடுத்தது வந்துவிட, பின்பக்கம் படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போகும். முன்பக்கம் எடை இழக்கும். ஃபோர்க்கில் இதே மிகை இருந்தால் முன்பக்கம் தாழ்ந்து, ரேக்கும் டிரெய்லும் சுருங்கும். ஒரே பிழை, முனைக்கு ஏற்ப எதிரெதிரான விளைவுகள்.

திருகும் முன் இப்போதைய நிலையை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கமாக மெல்ல இறுதிவரை திருகி, எத்தனை கிளிக் என்று எண்ணினால் போதும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதுவும் இரண்டு கிளிக். ஷாக்கைத் திருக வழியில்லாத வண்டியில் இரண்டு வேலைகள் உங்கள் கையில் இருக்கின்றன: கையேடு சொல்லும் தரத்தில், அளவில் ஃபோர்க் ஆயிலைக் காலத்தில் மாற்றுவது; கசியும் ஷாக்கைத் தாமதிக்காமல் மாற்றுவது.

உயரத்தை மாற்றும்போது

அழகுக்காகவும் கால் எட்டுவதற்காகவும் செய்யும் மாற்றங்கள் கோணத்தைத் தொட்டுவிடும். மேலே சொன்ன 4-க்கு 1 கணக்கு இப்போது வேண்டும். ஃபோர்க்கை, அதைப் பிடித்திருக்கும் டி-யில் 10 மி.மீ. மேலே ஏற்றிப் பூட்டினால் டிரெய்ல் 2 மி.மீ.-க்கு மேல் குறையும். பின்னால் 20 மி.மீ. நீண்ட ஷாக் போட்டால் 5 மி.மீ. குறையும். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் வண்டியின் குணமே மாறிவிடும். ஃபோர்க் உயரத்தை 3 - 4 மி.மீ. படிகளாக மட்டும் மாற்றுங்கள். இருபுறமும் சம அளவு இருக்கட்டும். முன்பக்கத்தை நீட்டிக் காட்டச் சாய்வான டி பொருத்தும்போது கூடுதல் கவனம் தேவை. பார்வைக்குச் சாய்வு கூடினாலும், ஸ்டீயரிங் அச்சு நகராமல் சக்கரம் மட்டும் முன்னே போவதால் டிரெய்ல் குறைகிறது. கணக்கிடாமல் பொருத்தினால் டிரெய்ல் முழுதாகவே காணாமல் போகலாம்.

ஸ்டீயரிங் டேம்பர் எப்போது?

எல்லாம் சரியாக இருந்தும், வேகமான, மேடுபள்ளமான பாதையில் ஹேண்டில் உதைத்தால் மட்டும். டேம்பர் உதறலை அடக்கும். ஆனால் அது நெளிவின் தணிப்பைக் குறைக்கிறது என்பதை ஷார்ப்பின் கணக்கே காட்டியது. நெளியும் வண்டிக்கு டேம்பரை இறுக்குவது நோயை வளர்க்கும்.

1997-இல் வந்த சுஸுகி டி.எல். 1000 எஸ் இதற்கு நல்ல பாடம். இடத்தை மிச்சப்படுத்த, பின் ஸ்பிரிங்கையும் டேம்பரையும் பிரித்து, சுழலும் வகை டேம்பரைப் பொருத்தியிருந்தார்கள். வலுவான எஞ்சின், எடை குறைந்த முன்பக்கம். ஹேண்டில் உதறல் பற்றிய புகார்கள் எழவே, பிரிட்டனில் வண்டிகளைத் திரும்ப அழைத்து ஸ்டீயரிங் டேம்பர் பொருத்தினார்கள். ஆனால் அந்த வண்டியை வைத்திருந்தவர்களில் பலர் தேடிப்போனது பின்பக்கத்துக்கு வேறு ஷாக்கை. சூடானால் வலுவிழக்கும் பின் டேம்பரையே அவர்கள் குற்றவாளியாகக் கண்டார்கள்.

ஆட்டம் தொடங்கிவிட்டால்

ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். விறைத்த கைகள் உடலின் எடையையும் ஆட்டத்தில் சேர்த்துவிடும். முழங்கால்களால் டேங்க்கை அணைத்து, உடலை முன்னே சாய்த்துத் தாழ்த்துங்கள். கைப்பிடி தளர்வாக, ஆனால் விடாமல் இருக்கட்டும். ஆக்ஸிலரேட்டரைப் படிப்படியாகக் குறையுங்கள். முன் பிரேக்கைச் சட்டென்று அழுத்தினால் டிரெய்ல் சுருங்கி உதறல் முற்றும். கடுமையான உதறலுக்குப் பிறகு முன் பிரேக் லீவர் பிடிமானமின்றி உள்ளே போகலாம். டிஸ்க் ஆடியதில் பேட்கள் பின்னே தள்ளப்பட்டிருக்கும். வண்டி நிதானமானதும் லீவரை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டு, பிடிமானம் திரும்பிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்த மாற்றங்களைப் பொதுச்சாலையில் வேகமெடுத்துச் சோதிக்க வேண்டாம். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் பயிற்சி நாட்கள் நடக்கும்போது, எதிர்ப்போக்குவரத்து இல்லாத இடத்தில், உதவிக்கு ஆட்கள் இருக்கும்போது சோதியுங்கள். காற்றழுத்தம், அமர்வு, கிளிக் எண்ணிக்கை, ஃபோர்க் உயரம், சுமை ஆகியவற்றைத் தேதியுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதி, பக்கத்திலேயே வண்டி எப்படி நடந்துகொண்டது என்று ஒரு வரி சேருங்கள். மாற்றம் பலன் தராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப அந்தப் பக்கம்தான் வழி.

டயர், இறுக்கம், சுமை, அமர்வு, டேம்பிங், உயரம், கடைசியாக ஸ்டீயரிங் டேம்பர்: இந்த வரிசையை மாற்றாதீர்கள். அத்தனையும் சரியாக இருந்தும் வண்டி நெளிந்தால், எப்போதோ விழுந்ததில் சட்டகமோ ஃபோர்க் குழாயோ வளைந்திருக்க வாய்ப்பு உண்டு. சேஸ் அளக்கும் வசதியுள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அதுவரை அந்த வண்டியை நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்ட வேண்டாம்; பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஓட்டவே வேண்டாம்.